ஞானப்பல் அகற்றலால் ஏற்படும் நரம்புக் காயங்களுக்கான சிகிச்சை

ஞானப்பல் அகற்றலால் ஏற்படும் நரம்புக் காயம் என்பது, கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பல்லை எடுக்கும்போது அதன் அருகில் செல்லும் உணர்வு நரம்புகள் நசுங்குவதாலோ, இழுபடுவதாலோ, அறுபடுவதாலோ உண்டாகும் உணர்வுக் கோளாறு ஆகும். கீழுதடு, முகவாய்க்கட்டை, ஈறு, நாக்கு ஆகியவற்றின் ஒரு பக்கம் மரத்துப்போவது இதன் முதன்மை அறிகுறி. சிலருக்கு ஊசி குத்துவது போன்ற உணர்வு, எரிச்சல், சுவை குறைதல், தொட்டாலே வலித்தல் போன்றவையும் தோன்றும்.

இக்காயங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு தற்காலிகமானவை. அவை எட்டு வாரங்களுக்குள் தாமாகவே சரியாகிவிடுகின்றன. ஆறு மாதங்களுக்கு மேல் நீடிப்பவை பொதுவாக நிலையான பாதிப்பு எனக் கருதப்படுகின்றன. எனவே சிகிச்சையில் எழும் முதல் கேள்வி, எந்தக் காயத்தைக் காத்திருந்து பார்க்கலாம், எந்தக் காயத்துக்குக் காத்திருக்கக் கூடாது என்பதாகும். நரம்பை அறுவை மூலம் சீராக்கும் வாய்ப்பு மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. "தானாகச் சரியாகிவிடும்" என்ற சொல் பெரும்பாலோருக்கு உண்மையாக இருந்தாலும், முறையான பரிசோதனை இல்லாமல் அதை மட்டும் நம்பியிருந்தால் எஞ்சிய சிலருக்கு அந்த வாய்ப்பு கைநழுவிப் போகக்கூடும்.

ஞானப்பல்லும் அருகிலுள்ள நரம்புகளும்

ஞானப்பல் என்பது மூன்றாவது பெருங்கடைவாய்ப்பல். இது வழக்கமாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கிறது. மற்றப் பற்கள் எல்லாம் முளைத்த பிறகு கடைசியாக வருவதால், தாடையில் போதிய இடம் இல்லாமல் சாய்ந்தோ, படுத்தோ, எலும்புக்குள் முழுவதும் புதைந்தோ நின்றுவிடுவதுண்டு. ஈறு அழற்சி, சொத்தை, பக்கத்துப் பல்லின் சேதம், நீர்க்கட்டி போன்ற காரணங்களுக்காக இப்பல் அகற்றப்படுகிறது.

முகத்தின் தொடு உணர்வு ஐந்தாவது மூளை நரம்பான முக்கிளை நரம்பின் வழியாக மூளைக்குச் செல்கிறது. அதன் மூன்றாவது கிளை கீழ்த்தாடை நரம்பு. இக்கிளையிலிருந்து பிரியும் இரண்டு நரம்புகள் ஞானப்பல் அறுவையில் முக்கியமானவை.

முதலாவது, கீழ்ப் பற்குழி நரம்பு. இது கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில் உள்ள ஒரு துளை வழியாக எலும்புக்குள் நுழைந்து, கால்வாய் போன்ற ஒரு குழாயினுள் முன்னோக்கிச் செல்கிறது. வழியில் கீழ்ப்பற்களுக்கு உணர்வளிக்கிறது. சிறுகடைவாய்ப்பற்களின் அருகே மற்றொரு துளை வழியாக வெளிவந்து கீழுதடு, முகவாய், முன்புற ஈறு ஆகியவற்றுக்கு உணர்வு தருகிறது. ஞானப்பல்லின் வேர்கள் பலருக்கு இக்கால்வாயின் மேலேயே அமைந்திருக்கும். சிலருக்கு வேர் கால்வாயைத் தொட்டுக்கொண்டிருக்கும். அரிதாக, நரம்பு வேர்களின் இடையே புகுந்து செல்வதும் உண்டு.

இரண்டாவது, நா நரம்பு. இது எலும்புக்குள் செல்வதில்லை. ஞானப்பல்லின் நாக்குப் பக்கத்தில், மெல்லிய எலும்புத் தகட்டை ஒட்டி, சளிச்சவ்வுக்கு அடியில் செல்கிறது. சிலருக்கு எலும்பின் விளிம்பு உயரத்திலோ அதற்கு மேலேயோ கூட இது இருக்கும். நாக்கின் முன் மூன்றில் இரண்டு பகுதியின் தொடு உணர்வை இந்நரம்பு தாங்குகிறது. ஏழாவது மூளை நரம்பான முக நரம்பிலிருந்து வரும் சுவை இழைகளும் இதனுடன் சேர்ந்தே பயணிக்கின்றன. அதனால் நா நரம்பு காயப்பட்டால் தொடு உணர்வுடன் சுவையும் அந்தப் பக்கத்தில் குறைகிறது.

இவை இரண்டும் உணர்வு நரம்புகளே. தசைகளை இயக்கும் நரம்புகள் அல்ல. ஆகவே உதடு கோணுவதோ, நாக்கு அசையாமல் போவதோ இக்காயத்தால் நேர்வதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. நோயாளியின் குறையைச் சுற்றியிருப்போர் எளிதில் புரிந்துகொள்ளாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மேல்தாடை ஞானப்பற்களை எடுக்கும்போது இத்தகைய நரம்புக் காயம் மிக அரிது.

காயம் ஏற்படும் விதம்

பல்லை நெம்பும்போது வேர் கீழ்நோக்கி அழுந்தி, கால்வாயின் கூரையை உடைத்து நரம்பை நசுக்கலாம். எலும்பைக் குடையும் துளைக்கருவி நரம்பைத் தொடலாம். உடைந்த வேர்த்துண்டோ எலும்புச் சில்லோ கால்வாய்க்குள் தள்ளப்பட்டு நரம்பை அழுத்தலாம். அறுவைக்குப் பின் கால்வாய்க்குள் தேங்கும் இரத்தமும் வீக்கமும் அதே விளைவைத் தரும்.

நா நரம்பின் காயத்துக்கான காரணங்கள் சற்று வேறானவை. நாக்குப் பக்கத்து ஈற்றைப் பிரித்து இழுத்துப் பிடிப்பது, அப்பக்கத்து எலும்புத் தகட்டைத் துளைக்கருவி கடந்து செல்வது, ஈற்றில் போடும் கீறல் உட்பக்கமாகச் சாய்வது, தையல் நரம்பைச் சேர்த்துப் பிடிப்பது ஆகியன இவற்றுள் அடங்கும்.

பல் எடுப்பதற்கு முன் போடப்படும் மரப்பு ஊசியாலும் நரம்பு காயப்படலாம். ஊசி நரம்பைத் தொடும்போது மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்வை நோயாளி உணர்வதுண்டு. மரப்பு மருந்தின் வேதி விளைவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பல் எடுத்த குழியில் வைக்கப்படும் யூஜினால் போன்ற மருந்துப் பொருள்கள், நரம்பு வெளித்தெரியும் நிலையில், அதற்கு ஊறு செய்யலாம்.

பல்லின் ஆழம், வேருக்கும் கால்வாய்க்கும் உள்ள நெருக்கம், நோயாளியின் வயது, அறுவையின் கடினம், அறுவை மருத்துவரின் அனுபவம் ஆகியவை இக்கட்டைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. வயது கூடும்போது எலும்பு இறுகி, வேர்களும் முழுமையாக வளர்ந்துவிடுவதால் காயத்துக்கான வாய்ப்பு அதிகரிக்கிறது. நிலையான பாதிப்பின் அளவு பெரும்பாலான ஆய்வுகளில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே உள்ளது. ஆயினும் ஞானப்பல் அறுவை உலகெங்கும் மிக அதிகமாகச் செய்யப்படும் அறுவைகளில் ஒன்று என்பதால், பாதிக்கப்படுவோரின் மொத்த எண்ணிக்கை சிறியதன்று.

காயத்தின் வகைகள்

அறுபட்ட நரம்பு எவ்வாறு சிதைகிறது என்பதை 1850-இல் முதலில் விளக்கியவர் ஆங்கிலேய மருத்துவர் அகஸ்டஸ் வாலர். அவர் ஆராய்ந்தவை தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகள். வெட்டுப்பட்ட இடத்துக்கு அப்பால் உள்ள இழைகள் அழிந்துபோவதை அவர் கண்டறிந்தார். இச்சிதைவு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இரண்டாம் உலகப் போரின் காலத்தில் காயமுற்றோரின் நரம்புகளைச் சீராக்கும் பணியில் ஈடுபட்டிருந்த ஹெர்பர்ட் செடான், 1943-இல் நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார். சிகிச்சை முடிவுகளுக்கு இப்பிரிவு இன்றும் அடிப்படையாக உள்ளது.

நியூரபிராக்சியா: நரம்பின் இழைகள் அறுபடவில்லை. அழுத்தத்தால் செய்தி கடத்தல் மட்டும் நின்றுள்ளது. சில நாள்கள் முதல் சில வாரங்களில் முழுமையாகச் சரியாகும்.

ஆக்சனோட்மெசிஸ்: உள்ளிருக்கும் இழைகள் அறுந்துள்ளன. ஆனால் அவற்றைச் சூழ்ந்த உறை சிதையவில்லை. அந்த உறையையே பாதையாகக் கொண்டு இழைகள் மீண்டும் வளர்கின்றன. மீட்சிக்கு மாதங்கள் ஆகலாம்.

நியூரோட்மெசிஸ்: நரம்பு முழுவதும் துண்டிக்கப்பட்டுள்ளது, அல்லது உட்புற அமைப்பு முற்றிலும் குலைந்துள்ளது. அறுவை இல்லாமல் நல்ல மீட்சியை எதிர்பார்க்க இயலாது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி சண்டர்லேண்ட் 1951-இல் இதனை ஐந்து படிநிலைகளாக விரித்தார்.

நரம்பிழை ஒரு நாளில் ஏறத்தாழ 1 மி.மீ. வளரும் என்பது பொதுவான கணக்கு. காயப்பட்ட இடத்திலிருந்து உதடு வரை 50 முதல் 60 மி.மீ. எனக் கொண்டால், இழைகள் அங்கு சென்று சேரவே இரண்டு மாதங்கள் தேவை. முதல் சில வாரங்களில் உணர்வு திரும்பினால் காயம் இலேசானது என்றும், மூன்று மாதங்களாகியும் எந்த மாற்றமும் இல்லையெனில் காயம் கடுமையானது என்றும் மருத்துவர்கள் கருதுவதற்கு இதுவே காரணம்.

கீழ்ப் பற்குழி நரம்பு எலும்புக் கால்வாய்க்குள் இருப்பதால், அறுபட்டாலும் அதன் இரு முனைகளும் ஓரளவு நேருக்கு நேராக நிற்கும். நா நரம்புக்கு அத்தகைய காப்பு இல்லை. அறுபட்ட முனைகள் விலகிச் சுருங்கிவிடும். வளரும் இழைகள் வழிதெரியாமல் ஓரிடத்தில் சுருண்டு கட்டியாகலாம். இதற்கு நரம்புக்கட்டி என்று பெயர். தொட்டால் மின்னதிர்ச்சி போன்ற வலியை இக்கட்டி தரக்கூடும்.

அறிகுறிகள்

உணர்வு முற்றிலும் அற்றுப்போதல், உணர்வு மங்குதல், ஊசி குத்தும் உணர்வு அல்லது எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, இலேசான தொடுகையும் வலியாக மாறுதல், இடைவிடாத எரிச்சல் எனப் பல வடிவங்களில் இக்கோளாறு வெளிப்படுகிறது. மரத்துப்போவதும் வலிப்பதும் ஒரே இடத்தில் சேர்ந்தே இருக்கலாம்.

அன்றாட வாழ்வில் இதன் விளைவுகள் பல. உதட்டையோ நாக்கையோ தெரியாமல் கடித்துக்கொள்ளுதல், காப்பியின் சூடு தெரியாமல் சுட்டுக்கொள்ளுதல், வாயோரத்தில் உணவோ உமிழ்நீரோ வழிவதை உணராமை, முகச்சவரம் செய்கையில் வெட்டிக்கொள்ளுதல், சில ஒலிகளை உச்சரிப்பதில் தடுமாற்றம், முத்தமிடுவதில் கூச்சம் ஆகியவை நோயாளிகள் அடிக்கடி கூறுபவை. வலி வகையைச் சேர்ந்த பாதிப்பு உள்ளவர்களுக்கு உறக்கமின்மை, மனச்சோர்வு, பதற்றம் ஆகியன தொடரலாம்.

பல் எடுத்தல் போன்ற காரணம் எதுவுமின்றி ஒருவருக்கு முகவாய் தானாக மரத்துப்போனால், அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். தாடை எலும்பின் தொற்று, புற்றுநோய் பரவல் போன்றவற்றிலும் இவ்வாறு நேர்வதால், அதனை உடனே ஆராய வேண்டும்.

கண்டறிதல்

வழக்கமான மரப்பு ஊசியின் விளைவு உதட்டிலும் நாக்கிலும் சுமார் மூன்று முதல் ஐந்து மணி நேரம் நீடிக்கும். நீண்ட நேரம் செயல்படும் மருந்தானால் அரை நாள் வரை ஆகலாம். மறுநாள் காலையிலும் மரப்பு நீங்கவில்லையெனில் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அறுவைக்கு மறுநாள் நோயாளியைத் தொலைபேசியில் அழைத்து இதைக் கேட்டறிவது எளிய, ஆனால் பயனுள்ள நடைமுறை.

பரிசோதனையில் பின்வருவன செய்யப்படுகின்றன.

உணர்வு மாறியுள்ள பரப்பின் எல்லையைத் தோலில் குறித்து, ஒளிப்படம் எடுத்து வைத்தல். அடுத்தடுத்த வருகைகளில் அப்பரப்பு சுருங்குகிறதா என்று ஒப்பிட இது உதவும்.

பஞ்சாலோ மெல்லிய இழையாலோ தொட்டு உணர்வை அறிதல்.

தூரிகையை எத்திசையில் இழுத்தோம் என்று நோயாளி கண்ணை மூடிக்கொண்டு சொல்லுதல்.

இரு முனைகளால் தொடும்போது அவை இரண்டாகத் தெரியும் குறைந்த இடைவெளியை அளத்தல்.

ஊசிமுனை, சூடு, குளிர் ஆகியவற்றை உணர்தல்.

நா நரம்புக் காயத்தில் உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்புக் கரைசல்களால் சுவையைச் சோதித்தல்.

பாதிக்கப்படாத மறுபக்கமே ஒப்பீட்டுக்கான அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. உணர்வின் மீட்சியை மதிப்பிட எஸ்0 முதல் எஸ்4 வரையிலான தரநிலை பயன்படுகிறது. எஸ்3 நிலையை எட்டினால் அன்றாடப் பயனுக்குப் போதிய உணர்வு திரும்பியதாகக் கொள்ளப்படும். வேர்த்துண்டோ எலும்புச் சில்லோ கால்வாய்க்குள் இருக்கிறதா என்று காண எக்ஸ்ரே அல்லது முப்பரிமாண சிபிசிடி படம் எடுக்கப்படுகிறது.

சிகிச்சை

முதல் சில நாள்கள்

அறுவையின்போதே நரம்பு அறுபட்டது மருத்துவருக்குத் தெரிந்தால், பயிற்சியும் வசதியும் இருக்குமானால் அப்போதே இணைப்பது நல்லது. இல்லையெனில் தாமதமின்றி உரிய வாய், முகத்தாடை அறுவை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். வேர்த்துண்டு அல்லது எலும்புச் சில்லு நரம்பை அழுத்துவது படத்தில் தெரிந்தால், அதனை முதல் ஓரிரு நாள்களுக்குள் அகற்றி அழுத்தத்தை நீக்குவதே விரும்பத்தக்கது.

இத்தகைய தடை ஏதும் இல்லாதபோது, வீக்கத்தைக் குறைக்கச் சில நாள்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரைகளும் அழற்சி எதிர்ப்பு வலிநிவாரணிகளும் தரப்படுவதுண்டு. இவை நரம்பு மீட்சியை உறுதியாக விரைவுபடுத்துகின்றன என்பதற்கு வலுவான சான்று இல்லை. நீரிழிவு, வயிற்றுப்புண், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு தீங்கு செய்யலாம் என்பதால் மருத்துவர் அறிவுரையின்றி எடுக்கக் கூடாது.

நடந்ததை நோயாளியிடம் மறைக்காமல் சொல்வதும் இக்கட்டத்தின் ஒரு பகுதியே. என்ன நேர்ந்தது, எவ்வளவு காலம் ஆகலாம், அடுத்து எப்போது வர வேண்டும் என்பவை தெளிவாகத் தெரிந்தால் நோயாளியின் அச்சம் குறைகிறது.

காத்திருந்து கண்காணித்தல்

காத்திருத்தல் என்பது ஒன்றும் செய்யாமல் இருத்தல் அன்று. முதல் மாதத்தில் ஒன்றிரண்டு முறையும், பின்னர் மாதம் ஒரு முறையும் மேற்கூறிய சோதனைகளைத் திரும்பச் செய்து, முடிவுகளைப் பதிவு செய்ய வேண்டும். பரப்பு சுருங்குகிறது, ஊசி குத்தும் உணர்வு தொடங்கியிருக்கிறது, தொடுகை தெரிகிறது என்பவை நரம்பு மீள்வதன் அடையாளங்கள். மரத்திருந்த இடத்தில் புதிதாகத் தோன்றும் ஊசி குத்தலைக் கண்டு நோயாளிகள் அஞ்சுவதுண்டு. அது பல நேரங்களில் நல்ல அறிகுறியே.

மூன்று மாதங்கள் கடந்தும் நா முழுவதும் உணர்வற்றே இருந்தால், அல்லது மீட்சி தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டால், நரம்பு அறுவை பற்றி நிபுணரின் கருத்தைப் பெற வேண்டும். பல் எடுத்த மருத்துவரும் நிபுணரும் வேறு வேறு ஊர்களில் இருக்கும் நிலையில், இந்த அனுப்புதலிலேயே மாதங்கள் வீணாவது இச்சிகிச்சையில் காணப்படும் பெரிய குறை.

மருந்துகளும் பிற முறைகளும்

இந்தியாவில் மெத்தில்கோபாலமின் எனப்படும் வைட்டமின் பி12 வகை மாத்திரைகள் நரம்புக் காயத்துக்குப் பரவலாக எழுதித் தரப்படுகின்றன. பி12 குறைபாடு உள்ளவருக்கு இவை தேவையானவை. காயப்பட்ட முக்கிளை நரம்பை இவை சீராக்கும் என்பதற்கான சான்று குறைவு. அறுந்த நரம்பை எந்த மாத்திரையாலும் இணைக்க முடியாது.

மரப்பு மட்டுமின்றி வலியும் இருந்தால், வழக்கமான வலிநிவாரணிகள் பெரிதும் பயன்படுவதில்லை. நரம்பு வலிக்கெனத் தரப்படும் காபாபென்டின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டுலோக்செட்டின், கார்பமசெபைன் போன்றவை குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்படுகின்றன. தூக்கக் கலக்கம், தலைசுற்றல், வாய் உலர்தல் ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். கார்பமசெபைன் அரிதாகக் கடுமையான தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். இம்மருந்துகளைத் திடீரென நிறுத்தக் கூடாது. முகவாய்த் தோலில் வலி மிகுந்திருப்போருக்கு லிடோகைன் ஒட்டுப்பட்டை சில நேரங்களில் உதவுகிறது. நீடித்த வலியோடு வாழப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் மருந்துகளோடு சேர்த்து அளிக்கப்படுகிறது.

குறைந்த ஆற்றல் லேசர் ஒளியை உதடு, முகவாய், வாயின் உட்புறம் ஆகியவற்றில் பாய்ச்சும் முறையும் உண்டு. இது திசுவை வெட்டும் லேசர் அன்று. வலியற்றது. பல அமர்வுகளாகச் செய்யப்படுவது.

உணர்வுப் பயிற்சி என்பது நோயாளி தாமே செய்துகொள்ளக்கூடியது. கண்ணாடி முன் நின்று, மென்மையான தூரிகையால் முதலில் நல்ல பக்கத்தையும் பின்னர் மரத்த பக்கத்தையும் ஒரே விதமாக வருடி, இரண்டின் வேறுபாட்டைக் கவனிப்பது இதன் சாரம். நாள்தோறும் பலமுறை செய்யும்போது, மீண்டு வரும் மங்கலான செய்திகளை மூளை பொருளறிந்து கொள்ளப் பழகுகிறது. இது நரம்பை வளர்ப்பதில்லை. வளர்ந்துள்ள இழைகளைப் பயன்படுத்தக் கற்றுத்தருகிறது.

நுண்ணறுவை

நரம்பு துண்டிக்கப்பட்டது உறுதியாகத் தெரிந்தாலோ, உணர்வு திரும்பாமல் நின்றாலோ, நரம்புக்கட்டியால் வலி இருந்தாலோ அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. காயத்துக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் செய்வது சிறந்தது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஓராண்டுக்கு மேலானால் பயன் குறைகிறது. அறுந்த நரம்பின் மறுமுனை சுருங்கி நாராகிவிடுவதும், நரம்புச் செல்களே அழிந்துபோவதும் இதற்குக் காரணங்கள். மரப்பு ஊசியால் மட்டும் நேர்ந்த காயத்துக்கு அறுவை பொதுவாகச் செய்யப்படுவதில்லை.

அறுவை முழு மயக்கத்தில், நுண்ணோக்கி அல்லது உருப்பெருக்கிக் கண்ணாடியின் உதவியுடன் செய்யப்படுகிறது. நா நரம்பை வாயின் உட்புறமாகவே அணுகலாம். கீழ்ப் பற்குழி நரம்பை அடையத் தாடை எலும்பின் வெளித்தகட்டில் சன்னல் போலத் திறக்க வேண்டும்.

நரம்பு தொடர்ச்சியாக இருந்து, தழும்பால் மட்டும் இறுகியிருந்தால் அத்தழும்பை நீக்கி நரம்பை விடுவித்தாலே போதும். நரம்புக்கட்டி இருந்தால் அதனை வெட்டியெடுத்து, நல்ல முனைகள் இரண்டையும் தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் தைக்கின்றனர். முனைகளை இழுத்துப் பிடித்துத் தைத்தால் இரத்த ஓட்டம் குறைந்து இணைப்பு தோல்வியடையும். எனவே இடைவெளி பெரிதாக இருந்தால் ஒட்டு நரம்பு வைக்க வேண்டும். காலின் கெண்டைப் பகுதியிலிருந்தோ காதருகே கழுத்திலிருந்தோ உணர்வு நரம்பின் ஒரு துண்டு எடுக்கப்படுகிறது. அவ்வாறு எடுத்தால் பாதத்தின் வெளியோரமோ காதுமடலோ மரத்துப்போகும் என்பதை நோயாளி முன்பே அறிந்திருக்க வேண்டும். செல்கள் நீக்கிப் பதப்படுத்திய கொடை நரம்பும், சிறு இடைவெளிகளுக்குக் கொலாஜன் போன்ற பொருள்களாலான குழாயும் மாற்றுவழிகளாக உள்ளன.

அறுவைக்குப் பின் உணர்வு திரும்பப் பல மாதங்கள் ஆகும். ஓராண்டுக்குப் பிறகே முடிவை மதிப்பிட முடியும். பலருக்கு உணர்வு மேம்பட்டு, நாக்கைக் கடித்துக்கொள்வது குறைகிறது. காயத்துக்கு முன்பிருந்த முழு உணர்வு திரும்புவது அரிது. தொடு உணர்வு திரும்பும் அளவுக்குச் சுவை திரும்புவதில்லை. நீண்டநாள் எரிச்சல் வலியும் அறுவையால் தீரும் என்று உறுதி கூற இயலாது.

சான்றுகளின் நிலை

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, இக்காயங்களுக்கான சிகிச்சைகள் பற்றிய மீளாய்வை 2014-இல் வெளியிட்டது. அதன் தகுதிக்கு உட்பட்ட சமவாய்ப்பு ஒப்பீட்டு ஆய்வுகள் இரண்டு மட்டுமே. இரண்டிலும் சேர்த்துப் பகுத்தாராயப்பட்டவர்கள் 26 பேர். இரண்டும் குறைந்த ஆற்றல் லேசரைப் போலி லேசருடன் ஒப்பிட்டவை. உதட்டிலும் முகவாயிலும் நோயாளிகள் உணர்ந்த அளவில் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டாலும், சான்றின் தரம் மிகக் குறைவு என்றே முடிவு செய்யப்பட்டது. அறுவை, மருந்து, உளவியல் முறைகள் ஆகியவற்றை ஆராய்ந்த தகுதியான ஆய்வு ஒன்றும் அப்போது கிடைக்கவில்லை.

இதன் பொருள் அறுவை பயனற்றது என்பதன்று. அதன் பயன் ஒப்பீட்டு ஆய்வால் அளக்கப்படவில்லை என்பதே. ஒரு மருத்துவமனைக்கு வரும் நிலையான காயங்களின் எண்ணிக்கை குறைவு. அறுந்த நரம்புடையவரைச் சீட்டுக் குலுக்கி அறுவையின்றி விடுவது அறமன்று. இவ்விரு காரணங்களால் பெரும்பாலான அறிவு, அறுவை செய்துகொண்டோரின் தொடர் பதிவுகளிலிருந்தே பெறப்படுகிறது. ஆகவே எந்த ஒரு சிகிச்சையையும் "உறுதியாகக் குணமாக்கும்" என்று விளம்பரம் செய்வோரிடம் எச்சரிக்கை தேவை.

தடுப்பு

சிகிச்சையின் எல்லை இவ்வளவே என்பதால் தடுப்பே முதன்மை பெறுகிறது. முதல் கேள்வி, அப்பல்லை எடுப்பது தேவைதானா என்பது. ஐக்கிய இராச்சியத்தின் நைஸ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், நோயற்ற புதைந்த ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக அகற்றும் வழக்கத்தைக் கைவிடுமாறு கூறியது. மறுபுறம், தொல்லை தரும் பல்லை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால் வயது கூடி அறுவையின் இக்கட்டும் கூடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எடை போட வேண்டிய முடிவு இது.

இரண்டாவது, படம். முழுத்தாடையையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் வேருக்கும் கால்வாய்க்கும் உள்ள நெருக்கத்தைக் காட்டும் ஏழு அடையாளங்களை ரூட், ஷெஹாப் ஆகியோர் 1990-இல் ஆராய்ந்தனர். அவற்றுள் கால்வாய் திசைமாறி வளைதல், கால்வாய் கடக்கும் இடத்தில் வேர் கருமையாகத் தெரிதல், கால்வாயின் வெண்கோடு அறுபட்டுத் தோன்றுதல் ஆகிய மூன்றும் நரம்புக் காயத்துடன் தெளிவான தொடர்புடையவை. இவை தென்பட்டால் சிபிசிடி படம் எடுத்து நரம்பின் இடத்தைத் துல்லியமாகக் காணலாம். எனினும், எல்லோருக்கும் இப்படம் எடுப்பதால் காயங்கள் குறைகின்றன என்று மெய்ப்பிக்கப்படவில்லை. படம் அறுவைத் திட்டத்தை மாற்ற உதவும்போதே பயன் தருகிறது.

மூன்றாவது, பல்முடி நீக்கம். பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, நரம்பைத் தொட்டுநிற்கும் வேர்களை எலும்புக்குள்ளேயே விட்டுவிடும் இம்முறை 1984-இல் பிரெஞ்சு மொழி இதழொன்றில் விவரிக்கப்பட்டது. கீழ்ப் பற்குழி நரம்பின் காயத்தை இது குறைக்கிறது. விடப்பட்ட வேர்கள் சில ஆண்டுகளில் மேல்நோக்கி நகர்ந்து நரம்பிலிருந்து விலகுவதுண்டு. சிலருக்கு அவற்றை எடுக்க இரண்டாவது அறுவை தேவைப்படலாம். அப்போது இக்கட்டு முன்பைவிடக் குறைவாக இருக்கும். வேர் ஆட்டம் கண்டிருந்தாலோ, அதில் தொற்று இருந்தாலோ இம்முறை பொருந்தாது.

ஒப்புதல்

நரம்புக் காயம் அறுவையின் அறியப்பட்ட இக்கட்டு. திறமையான மருத்துவரின் கையிலும் அது நேரலாம். எனவே காயம் நேர்ந்தது என்பதாலேயே கவனக்குறைவு எனக் கொள்ள முடியாது. அதேவேளையில், அறுவைக்கு முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல் ஒரு தீர்ப்பில், சிகிச்சையின் தன்மை, நோக்கம், மாற்றுவழிகள், குறிப்பிடத்தக்க இடர்கள் ஆகியவற்றைப் பற்றிப் போதிய தகவல் தந்து பெறும் ஒப்புதலே செல்லுபடியாகும் என்று விளக்கியது. கையொப்பமிட்ட படிவத்தைவிட, நோயாளிக்குப் புரியும் மொழியில் நடந்த உரையாடலே இதில் முக்கியமானது.

உதடும் நாக்கும் மரத்துப்போகக்கூடும், சுவை குறையலாம், அரிதாக அது நிலைத்துவிடலாம், எடுக்காமல் விட்டால் இன்ன விளைவு ஏற்படும், பல்முடி நீக்கம் என்ற வழியும் உண்டு என்பவற்றை நோயாளி கேட்டறியலாம். பாடகர், காற்றுக்கருவி இசைப்பவர், சமையற்கலைஞர், ஆசிரியர் போன்றோருக்கு உதடும் நாக்கும் தொழிலோடு பிணைந்தவை. தம் தொழிலை மருத்துவரிடம் சொல்வது அவர்களுக்கு நல்லது.

நிலையான பாதிப்புடன் வாழ்தல்

உணர்வு முழுமையாகத் திரும்பாதவர்களில் பலர், ஓரிரு ஆண்டுகளில் அதற்குப் பழகிவிடுகின்றனர். சூடான பானங்களை நல்ல பக்கத்தால் முதலில் சோதித்துப் பருகுதல், மெதுவாக மெல்லுதல், உண்டபின் கண்ணாடியில் வாயோரத்தைப் பார்த்துத் துடைத்தல், கூர்மையான பற்களின் விளிம்பை மழுங்கச் செய்துகொள்ளுதல் ஆகியவை உதவும். மரத்த பக்கத்தில் சொத்தையோ புண்ணோ வந்தாலும் தெரியாது என்பதால், ஆறு மாதங்களுக்கு ஒரு முறை பல் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். வெற்றிலை பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் உணர்வற்ற பக்கத்தில் ஆறாத புண் உள்ளதா என்று தாமே அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலியோடு வாழ்வோரின் நிலை இதைவிடக் கடினமானது. அவர்களுக்கு வேறொரு பல்லில் கோளாறு என்று எண்ணி, நல்ல பற்களுக்கு வேர்ச்சிகிச்சை செய்வதும், பற்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பதும் நேர்வதுண்டு. அதனால் நரம்பு மேலும் காயப்படலாம். வலி தொடங்கிய நாள், பல் எடுத்த நாள், மரத்த பரப்பு ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு, புதிதாகப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுவது இத்தகைய வீண் சிகிச்சையைத் தவிர்க்கும். நரம்பியல் வலி மருத்துவர், வாய், முகத்தாடை அறுவை நிபுணர், மனநல ஆலோசகர் ஆகியோர் சேர்ந்து கவனிக்கும் இடத்தை நாடுவது அவர்களுக்குக் கூடுதல் பயன் தரும்.